கோரைத்துறை ராணிகள்

தனக்கும் ஜெசிந்தா டீச்சருக்கும் கல்யாணமே நடக்கவில்லை என்று கஸ்பார் மோத்தா தன் சொந்த ஜெபவீட்டில் மைக் வைத்து அறிவித்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில், ஜெசிந்தா டீச்சர் தலை சீவக் கண்ணாடி முன்னால் வந்து நின்றபோது அவள் உச்சியில் ஒரு கிரீடம் முளைத்திருந்தது. உப்புக் கிரீடம். முன்பக்கம் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து, நுனியெல்லாம் கூர்கூராக, ஜன்னல் வெயில் பட்டதும் கண் கூசுகிற வெள்ளை. சீப்பால் தட்டிப் பார்த்தாள், அசையவில்லை. சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள், கரையவில்லை. முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டதால் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, கிரீடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சீவி முடித்து, தலையில் பூ வைக்க இடமில்லாமல் போகவே அந்தப் பூவை மாதா படத்துக்குச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

மினிபஸ் கண்டக்டர், "குனிஞ்சு ஏறுங்க டீச்சர், கம்பியில இடிக்கும்" என்றான். அவ்வளவுதான். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "தலையில என்ன டீச்சர்?" என்று கேட்டதற்கு, "உப்பு, சிஸ்டர்" என்றாள். "சரி, இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் முக்காடு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பிரேயருக்கு மணி அடிக்கப் போய்விட்டார். கோரைத்துறைக்காரர்கள் அப்படித்தான். காற்றில் உப்பு, கிணற்றில் உப்பு, சுவரில் பொரிந்து உதிர்வது உப்பு, நாக்கை நீட்டினால் உப்பு. ஒரு பொம்பளை தலையிலும் முளைத்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

இதைச் சொல்கிற நான் கித்தேரி, அதே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். நடக்கவே இல்லை என்று சொன்னார்களே அந்தக் கல்யாணம், அதற்கு ஜெசிந்தாவின் ரவிக்கையைத் தைத்தவள் நான்தான். பெரிய கோயிலில் பூசை வைத்து, பாண்டு வாசித்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து, கறி பத்தவில்லை என்று மாப்பிள்ளையின் பெரியப்பா இலையை மடித்துவிட்டு எழுந்துபோன கல்யாணம். நடக்காத கல்யாணத்தில் கறி எப்படியம்மா பத்தாமல் போகும்? இதைக் கேட்டால் நான் வாயாடி.

ஜெசிந்தா நடத்தியது சரித்திரம். அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் கழுத்துயரத் தட்டி ஒன்றுதான் மறைப்பு என்பதால், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே நானும் வருஷக்கணக்கில் இங்கிலாந்து சரித்திரம் படித்தேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் கேள்வி நேரம். எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்பாள். அசோகர் இருக்கிறார், அக்பர் இருக்கிறார், ஆனால் எந்த வருஷத்துப் பிள்ளைகளானாலும் சரி, சொல்லிவைத்ததுபோல ஒரே இடத்தில்தான் வந்து விழுவார்கள்.

"டீச்சர், எட்டாம் ஹென்றிக்கு மொத்தம் எத்தனை பொண்டாட்டி?"

"ஆறு."

"எத்தனை பேர் தலையை வெட்டினான்?"

"ரெண்டு. ரெண்டு பேரைக் கல்யாணமே செல்லாதுன்னு தள்ளி வச்சான். ஒருத்தி பிள்ளை பெத்த கையோட செத்தா. கடைசிக்காரி தப்பிச்சா."

"எதுக்கு டீச்சர் அத்தனை?"

"முதல்ல ஆம்பளைப் பிள்ளை வேணும்னு. அப்புறம் பழகிப்போச்சு."

பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த ஆம்பளைப் பிள்ளை பிறந்தானா என்று ஒருத்தி கேட்பாள். பிறந்தான், ஒன்பது வயதில் சிம்மாசனம் ஏறி, பதினைந்து வயதில் செத்தான், அப்புறம் ஒரு பெண்ணை ஒன்பது நாள் ராணி என்று உட்காரவைத்து இறக்கி, கொஞ்ச நாளில் அவள் தலையையும் வாங்கினார்கள், கடைசியில் நாட்டை ஆண்டது அந்த அப்பன் செல்லாது என்று ஒதுக்கின ரெண்டு பெண்பிள்ளைகள்தான் என்று ஜெசிந்தா சொல்வாள். அவள் மகள் அமலி அதே வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குள் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள், அவ்வளவு கறார். அவள் கேட்ட கேள்விகள் மற்றப் பிள்ளைகள் கேட்காதவை.

"டீச்சர், ரெண்டாவது ராணியோட கல்யாணம் செல்லாதுன்னு சொன்ன பிறகும், புருஷனுக்குத் துரோகம் பண்ணினாள்னு சொல்லித்தான் தலையை வெட்டினாங்களா?"

"ஆமா."

"கல்யாணமே இல்லைன்னா துரோகம் எங்கேருந்து வந்துச்சு?"

"அதைக் கேட்க வேண்டியவங்க யாரும் அன்னைக்கு வாயைத் திறக்கலை."

"அந்த ராணியோட மகள்தான எலிசபெத்? அவ பட்டத்துக்கு வந்த பிறகு அம்மாவைப் பத்தி என்ன சொன்னா?"

"வெளியில அதிகம் பேசினதாத் தெரியலை. அப்பா மகள்னு சொல்லிக்கிறதுலதான் அவளுக்குப் பெருமை" என்றாள் ஜெசிந்தா. மணி அடித்தது, பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், நான் மிஷினுக்கு உறை போட்டேன்.

இனி கஸ்பார் மோத்தாவைச் சொல்ல வேண்டும், சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது. கடலோரம் கண்ணுக்கு எட்டினவரை உள்ள உப்புப் பாத்தியெல்லாம் அவனுடையது. ஊரில் பாதிப்பேர் வீட்டில் அவன் உப்பளத்தில் வேலை பார்த்துத்தான் அடுப்பு எரிந்தது. அந்த அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தில் முதல் உப்பு விளைந்ததும், அளத்துக்காரனின் வாரிசு வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி, முதல் கூடை உப்பைத் தலையில் சுமந்துவந்து கரையில் கொட்ட வேண்டும். அதன்மேல்தான் மற்றவர்கள் கொட்டி அம்பாரம் குவிப்பார்கள். முதல் கூடை யார் தலையில் ஏறுகிறதோ அளம் அவர்களுக்கு. அமலி நடக்கப் பழகின வருஷம் சிரட்டையில் அள்ளிக் கொட்டினாள், பிறகு சின்னப் பெட்டியில், பிறகு பெரிய ஆட்கள் தூக்குகிற கூடையில். ஒவ்வொரு வருஷமும் கஸ்பார் கைதட்டுவான், தட்டி முடித்ததும் பக்கத்தில் நிற்கிறவனிடம், "பையன் பிறக்கிற வரைக்கும் இவ சுமக்கட்டும்" என்பான். அமலிக்குப் பிறகு ஜெசிந்தாவுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிற்று. அதற்குப் பிறகு அவன் கைதட்டுவதையும் நிறுத்திவிட்டான்.

கஸ்பார் ஒன்றும் படித்தவன் இல்லை. ஆனால் சாயங்காலம் ஜெசிந்தா மறுநாள் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும்போது, நிலக்கடலை உரித்துத் தின்றுகொண்டே எதிரில் உட்கார்ந்து கேட்பான். புருஷன் தன் பாடத்தைக் கேட்கிறானே என்று அவளுக்கு அத்தனை பூரிப்பு. என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள், பாவி.

"போப்பாண்டவர் முடியாதுன்னுட்டாரா?" என்று கேட்டிருக்கிறான்.

"முடியாதுன்னுட்டார்."

"அப்புறம் அந்தப் பய என்ன செஞ்சான்?"

"எங்க நாட்டுச் சபைக்கு நானே தலைவன்னு சொல்லிட்டான். அப்புறம் அவன் வச்ச ஆயர், அவன் கேட்ட தீர்ப்பு."

"கெட்டிக்காரப் பய" என்று சொல்லித் தொலியை ஊதிவிட்டிருக்கிறான். அவளும் சிரித்திருக்கிறாள்.

அடுத்த வருஷம் அளத்து ஆபீசில் டைப் அடிக்க ரொசிட்டா வந்தாள். நல்ல பெண்தான், இருபத்திரண்டு வயது, அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கஸ்பார் பங்குச்சாமியாரிடம் போனான், ஆயர் இல்லத்துக்குப் போனான், கல்யாணத்தை இல்லை என்று ஆக்கித்தரச் சொல்லிக் கேட்டான். முடியாது என்றார்கள். அவன் சண்டை போடவில்லை. உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டான், கீபோர்டு வாங்கினான், மைக்செட் வாங்கினான், குருமடத்திலிருந்து பாதியில் ஓடிவந்த தொபியாஸைப் பாஸ்டர் ஆக்கினான், 'பூமியின் உப்பு ஜெபவீடு' என்று போர்டு மாட்டினான். திங்கட்கிழமை அளத்தில் கூலி வாங்குகிறவன் ஞாயிற்றுக்கிழமை எங்கே ஜெபம் பண்ணுவான்? பெரிய கோயிலில் பாதி பெஞ்சு காலியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொபியாஸ், "சகோதரன் கஸ்பாருக்கும் சகோதரி ஜெசிந்தாவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் திருமணம் தேவனுடைய பார்வையில் ஆதிமுதல் இல்லாதது" என்று வாசித்தான், கஸ்பார் மைக்கை வாங்கி ஆமென் சொன்னான். வாசலில் நின்றுகொண்டிருந்த ஜெசிந்தா கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டி, "அப்போ இது என்ன?" என்று கேட்டாள்.

"அது ஆபரணம்" என்றான் தொபியாஸ்.

"என் மகள்?"

"பிள்ளைகள் கர்த்தருடையவர்கள், சகோதரி."

கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. ஜெசிந்தா வீட்டுக்கு வந்து அழவில்லை, சாப்பிடவும் இல்லை. "என்னைத் தள்ளினா தள்ளட்டும், கித்தேரி. முதல் கூடை என் பிள்ளை தலையில ஏறணும். அவளைத் தகப்பன் பேர் இல்லாதவன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. எனக்கு அது போதும்" என்றாள். மறுநாள்தான் கிரீடம் முளைத்தது.

முதல் வாரம் பிள்ளைகள் அவள் குனியும்போது விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். பிறகு பெரியவர்கள் தொட்டார்கள். நான்கூட ஒரு நாள் மத்தியானம் கஞ்சிக்கு உப்பு மறந்துவந்து, "இங்க குனி" என்று சொல்லி ஒரு நுனியை ஒடித்துப் போட்டுக்கொண்டேன். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்த மாதிரி உப்பை இந்த ஊர் கண்டதில்லை, கரிப்புக்குப் பின்னால் தொண்டையில் ஒரு கசப்பு, அது வேண்டும் வேண்டும் என்று கேட்கவைக்கிற கசப்பு. அந்த உப்புப் போட்ட மீன் மாதம் போனாலும் கெடவில்லை, ஊறுகாய் பூஞ்சை பிடிக்கவில்லை. ஒடித்தால் மறுநாள் விடிவதற்குள் பழையபடி வளர்ந்தது. ஒடிக்காமல் விட்டாலோ கனத்துக் கழுத்தை அமுக்கியது. ஆகவே என் தையல் கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் தினமும் தட்டி உடைத்தோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் காலையில் பால் வாங்குகிற மாதிரி கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். பங்குச்சாமியார் வந்து பார்த்து, இது புதுமையா இல்லையா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றும், எதற்கும் திருநாளன்று சப்பரத்துக்கு முன்னால் நடந்தால் கூட்டம் வரும் என்றும் சொன்னார். ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

பிறகு சலேத்தம்மாளுக்கு முளைத்தது. அவள் மீன் விற்கிறவள், புருஷன் மஸ்கட்டுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். சின்னக் கிரீடம், கூடையைத் தாங்கச் சும்மாடு வேண்டாம் என்று அவள் சிரித்தாள். அப்புறம் சீட்டு நடத்துகிற வீட்டு மருமகளுக்கு, அப்புறம் தபால்காரரின் தங்கைக்கு. வேண்டாம் என்று வெளியே நிறுத்தப்பட்ட பெண் எவளோ அவள் தலையில்தான் முளைக்கிறது என்று ஊர் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டது. உடனே என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? புருஷன்மார்களுக்குப் புத்தி வந்ததா? பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணின் அக்காள் தங்கைகளை முடியை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். புருஷன் வீட்டிலிருந்து விருந்துக்கு வந்த மகளை வாசலிலேயே நிறுத்தி, வா என்று சொல்வதற்கு முன்னால் அவள் உச்சந்தலையை நக்கிப் பார்த்த தாயை நான் என் கண்ணால் கண்டேன். பிசுபிசுவென்று வேர்வைதான், இருந்தாலும் அந்தத் தாய் துப்பிவிட்டு மறுபடி நக்கிப் பார்த்தாள்.

உப்பின் ருசி கஸ்பார் மோத்தாவின் நாக்குக்கும் போய்ச் சேர்ந்தது. பாத்தி உப்பைக் கேட்டு வந்த வியாபாரிகள் டீச்சர் உப்பு இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்ததும், ஒரு நாள் காலையில் அளத்து வண்டி ஜெசிந்தா வீட்டு வாசலில் வந்து நின்றது. வண்டிக்காரன் இறங்கி, "முதலாளி வாங்கிட்டு வரச் சொன்னாக" என்று சாக்கை விரித்தான். ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். ஊர்க்கமிட்டி கூடியது.

கமிட்டி மண்டபத்தில் கஸ்பார் எழுந்து, "உப்பு என் தொழில். என் வீட்டுப் பொம்பளை தலையில விளைஞ்ச உப்பு எனக்குத்தான்" என்றான்.

ஜெசிந்தா எழுந்தாள். வாசல் நிலை இடித்துக் கிரீடத்தில் ஒரு நுனி உடைந்திருந்தது. "என் வீட்டுப் பொம்பளைன்னா யாரு? கல்யாணமே நடக்கலைன்னு சொன்னீங்களே. கல்யாணமே இல்லைன்னா உப்பு எப்படி உங்களுக்கு வரும்?" என்று கேட்டாள். வகுப்பில் மகள் கேட்ட அதே கேள்வி. இதோ ஒருத்தனாவது வாயைத் திறப்பான் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

தொபியாஸ் பைபிளை மூடிவைத்துவிட்டு எழுந்தான். "படுக்கைக்கும் சொத்துக்கும் சகோதரி மனைவி அல்ல. உப்புக்கு மட்டும் மனைவி" என்றான்.

அட, அப்படியே ஊர் தலையாட்டியது! நல்ல தீர்ப்பு, இரண்டு பக்கமும் பாதகமில்லை என்று கமிட்டித் தலைவர் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் துண்டை உருவி வாயில் அடைக்கத் தோன்றியது. ஆனால் ஜெசிந்தா என் கையை அமுக்கினாள். அவள் அழுத்தம் எனக்குத் தெரியும், ஏதோ முடிவுக்கு வந்துவிட்டாள்.

"சரி, உப்பைத் தாரேன்" என்றாள். "நான் இருக்கிற வரைக்கும் தினமும் தாரேன். பதிலுக்கு அமலி உங்க மகள்னு இந்த மண்டபத்துல சொல்லணும். முதல் கூடை அவ தலையிலதான் ஏறணும். உப்பு நின்னா பேச்சு நின்னுது, உப்பு வந்தா பேச்சும் நிலைக்கணும்."

கஸ்பார் தொபியாஸைப் பார்த்தான். தொபியாஸ் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணி, உப்புக்கு மனைவி என்றால் உப்புக்கு மகளும் உண்டு என்றான். "அமலி என் மகள்தான்" என்று கஸ்பார் மோத்தா சொன்னான். மூலையில் நின்றிருந்த அமலியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமிட்டி ஒரு வீட்டுக்குச் சொன்ன தீர்ப்பு எல்லா வீட்டுக்கும் ஆயிற்று. சலேத்தம்மாள் உப்பு மஸ்கட்காரன் பேரில் அளத்துக்குப் போனது, தபால்காரர் தங்கை உப்பு அவளைத் துரத்தியவன் பேரில் போனது. வண்டி தெருத்தெருவாக வந்தது, ஹாரன் அடித்ததும் பெண்கள் வெளியே வந்து தலையைக் குனிந்தார்கள்.

கஸ்பார் ஜெபவீட்டில் வைத்துக் கட்டிக்கொண்ட ரொசிட்டாவுக்குப் பெண் பிறந்தது. அவன் ஆஸ்பத்திரி வாசலிலேயே லட்டுப் பெட்டியைத் திருப்பி வண்டியில் ஏற்றினான். பிள்ளைக்குப் பல் முளைப்பதற்குள் தொபியாஸ் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆதிமுதல் இல்லாததை வாசித்தான். மறுநாள் ரொசிட்டா ஒக்கலில் பிள்ளையோடு, தலையில் கிரீடத்தோடு, சீவத் தெரியாமல் சிக்குப் பிடித்த முடியோடு ஜெசிந்தா வீட்டுக்கு வந்து நின்றாள். உள்ளே விடாதே என்று நான் சொன்னேன். ஜெசிந்தா அவளை உட்காரவைத்து, கிரீடத்தின் இரண்டு பக்கமும் வகிடு எடுத்துக் காட்டினாள். "தினமும் உடைக்கணும்மா, விட்டா கழுத்து போயிரும்" என்றாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய?

கஸ்பார் மூன்றாவதாகப் பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று, வேட்டியும் செண்டு வாசமுமாக அளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்பாரத்தின்மேல் ஏறினவன், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், சரிந்தான். உப்போடு உப்பாகக் கீழே உருண்டு வந்தான். ஊர் அழுதது, நான் அழவில்லை, சும்மா நின்றேன். அவன் தம்பிமார் இரண்டு பேர் அளம் எங்களுக்கு என்று கிளம்பினார்கள். பள்ளிப்படிப்பை முடித்திருந்த அமலி கறுப்புத் தாவணியோடு கமிட்டி மண்டபத்துக்குத் தானே நடந்துபோய், "அப்பா இந்த இடத்துல நின்னு என்ன சொன்னாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள். தெரியும் என்று ஊர் சொன்னது. தம்பிமார் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அந்த வருஷம் முதல் கூடைக்குக் கிரீடக்காரிகள் எல்லாரும் அளத்துக்கு வந்தார்கள். எனக்கும் நப்பாசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஒதுக்கிவைத்த பெண்ணின் மகள் பட்டத்துக்கு வருகிறாள், இனி வண்டி வராது, இனி அவரவர் உப்பு அவரவருக்கு என்று சலேத்தம்மாள் சொல்லிச் சொல்லிக் கன்னத்தைத் துடைத்தாள். ஜெசிந்தா நான் தைத்த புது ரவிக்கை போட்டு முன்வரிசையில் நின்றாள். அமலி வெறுங்காலோடு பாத்தியில் இறங்கினாள். அலுங்காமல் கூடையைச் சுமந்து வந்து கொட்டினாள். தொபியாஸ் மைக்கை நீட்டினான்.

"நான் கஸ்பார் மோத்தா மகள்" என்றாள். "அப்பா வச்சது வச்சபடி நடக்கும்."

கைதட்டல் காதைப் பிளந்தது. பழக்கதோஷத்தில் கிரீடக்காரிகளும் தட்டினார்கள், அப்புறம்தான் கேட்டதை யோசித்துக் கையைக் கீழே போட்டார்கள். அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஹாரன் கேட்டது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

ஜெசிந்தா அளத்து ஆபீசுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அமலி அப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டாள், டீ சொன்னாள், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"ஏட்டி, இந்த வண்டியை நிறுத்தக் கூடாதா?" என்றாள் ஜெசிந்தா.

"எப்படிம்மா நிறுத்த? நீங்கதான அன்னைக்குப் பேசி முடிச்சது. உப்பு வந்தா நான் மகள், உப்பு நின்னா பேச்சு நின்னுது. சித்தப்பாமார் ரெண்டு பேரும் எந்தக் காலையில வண்டி வெறுமனே திரும்பும்னு காத்துக் கிடக்காங்க."

"என் உப்பு இருக்கட்டும். மத்தவங்க உப்பையாவது விடேன்."

"அவங்களை விட்டா, உங்க உப்பு மட்டும் எதுக்குன்னு கேட்பாங்க. கேட்டா எல்லாம் கேள்வியாயிரும்." டீ வந்தது. அமலி சர்க்கரை போதுமா என்று அம்மாவிடம் கேட்டாள். நான் பொறுக்கமாட்டாமல், "ஒரு கல்யாணம் காட்சி பண்ணி ஆம்பளைத் துணை வச்சுக்கோ, அப்புறம் சித்தப்பனுக்குப் பயப்பட வேண்டாம்லா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட அதே சிறு பெண்ணின் சிரிப்பு. "கல்யாணமா? என் தலையிலயும் முளைக்கவா, கித்தேரி டீச்சர்?" என்றாள். உச்சியை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள், அது அவளுக்கே தெரியாமல் வருகிற பழக்கம் போல இருந்தது. பிறகு டெலிபோன் அடித்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன், அப்பனுக்குத் தப்பாத மகள், நன்றி கெட்டது, வயிற்றில் சுமந்தவளை வண்டியில் அள்ளுகிறாளே என்று. கோயில் திருப்பத்தில் ஜெசிந்தா நின்று, "அவளைத் திட்டாத கித்தேரி. நான் கேட்டதுதான கிடைச்சிருக்கு" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். கேள்வி நேரம். இந்த வருஷத்துப் பிள்ளைகளும் ஆறு பொண்டாட்டியில் ஆரம்பித்து, வெட்டின தலைகளை எண்ணி, ஒன்பது நாள் ராணியை விசாரித்து, எலிசபெத் ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பதில் வந்து நின்றார்கள். அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்டாள். பிள்ளை இல்லை, வம்சம் அவளோடு முடிந்தது என்றாள் ஜெசிந்தா. முன் பெஞ்சில் ரொசிட்டாவின் தங்கை இருந்தாள், துறுதுறுவென்ற பிள்ளை.

"டீச்சர், அவ அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தைகூட பேசலையா?"

"பேசியிருந்தா ராஜ்யம் கையில நின்னிருக்காதும்மா."

"அம்மாக்காரிக்கு வருத்தமா இருக்காதா, டீச்சர்?"

ஜெசிந்தா பதில் சொல்ல வாயைத் திறந்தபோது வெளியே ஹாரன் கேட்டது. காலையில் அவளுக்குக் காய்ச்சல், உப்பு உடைக்காமலே வந்துவிட்டாள்; வண்டிக்காரன் பள்ளிக்கூடத்து கேட்டுக்கே வந்து நின்றுவிட்டான். அவள் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து என் முன்னால் குனிந்தாள். நான் கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் தட்டினேன், உப்பு என் மடியில் விழுந்தது. எப்போதும் என் கஞ்சிக்கு என்று ஒரு நுனி எடுத்துவைப்பேன், அதை மட்டும் ஓரமாக ஒதுக்கினேன்.

"அதையும் போட்டுரு, கித்தேரி" என்றாள். முடிக்குள் விரலை விட்டு, மயிர்க்காலில் ஒட்டியிருந்த பொடியையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்துச் சாக்கில் உதறினாள். "நேத்தே கொஞ்சம் குறைஞ்சு போச்சாம், வண்டிக்காரன் சொன்னான். சித்தப்பன்மார் பார்த்துக்கிட்டே இருக்காங்கள்லா, பிள்ளைக்குக் குறையக் கூடாது."